வெண்கலக் குதிரையின் விலை

கோபன்ஹேகனுக்குப் போகிறவர்கள் அமாலியன்போர்க் சதுக்கத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. எண்கோணமாகக் கல் பாவிய வெளி. அதைச் சுற்றி ஒரே அளவில், ஒரே அழகில் நான்கு மாளிகைகள். டென்மார்க்கின் அரச குடும்பம் இன்றும் வாழும் இடம். நண்பகலில் கரடித்தோல் தொப்பி அணிந்த காவலர்கள் நகரத் தெருக்கள் வழியே அணிவகுத்து வந்து பணி மாற்றிக்கொள்வார்கள். கூடியிருக்கும் கூட்டம் முழுவதும் அவர்களுடைய நடையைத்தான் பார்க்கும். நடுவில், உயர்ந்த பீடத்தின் மேல் நிற்கும் வெண்கலக் குதிரையை அதிகம் பேர் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பார்க்க வேண்டிய குதிரை அது. ஷாக் சாலி என்ற பிரெஞ்சுச் சிற்பி 1753-இல் இந்த நகரத்துக்கு வந்து, அரண்மனை லாயத்துக் குதிரைகளை ஆண்டுக்கணக்கில் வரைந்து பழகி, அதன் பிறகே களிமண்ணைத் தொட்டார். ஒரு முன்னங்கால் நிலத்தை விட்டு எழுந்திருக்கிறது. கழுத்தின் வளைவிலும் தோளின் இறுக்கத்திலும் அடுத்த அடி தெரிகிறது. மேலே இருப்பவர் ஐந்தாம் ஃபிரெடெரிக். ரோமப் பேரரசர் கோலத்தில், தலையில் இலை முடியுடன். சிலை திறக்கப்பட்டது 1771-இல். அரசர் 1766-இலேயே இறந்துபோயிருந்தார். தன் சிலையைப் பீடத்தின் மேல் அவர் பார்க்கவே இல்லை.

இந்தச் சிலைக்கு ஆன செலவு சதுக்கத்தின் மாளிகைகளுக்கு ஆன செலவோடு ஒப்பிடத்தக்கது என்பார்கள். அதை அரசின் கருவூலம் கொடுக்கவில்லை. கொடுத்தது டேனிஷ் ஆசியக் கம்பெனி. அரசரின் வலக்கையாகவும் கம்பெனியின் தலைவராகவும் இருந்த மோல்ட்கெ பிரபு, அந்த நான்கு மாளிகைகளில் ஒன்றின் உரிமையாளரும்கூட. கம்பெனியின் கப்பல்கள் சரக்கேற்றிய துறைகளில் ஒன்று தரங்கம்பாடி.

இதை அறிந்த பிறகு ஒரு தமிழருக்கு அந்தச் சதுக்கம் பழைய சதுக்கமாக இருக்க வழியில்லை. அந்த வெண்கலம் முழுவதும் நம் கரையிலிருந்து போன பணம் என்று சொல்லிவிட முடியாது. கம்பெனிக்குப் பெருலாபம் தந்தது சீனத்தின் கான்டன் துறையிலிருந்து வந்த தேயிலை; வங்காளத்துத் துணியும் உண்டு. ஆனாலும் நம் பங்கு அதில் இருக்கிறது. காவிரிப் படுகையில் விளைந்த நெல்லை உண்டு தறியில் உட்கார்ந்தவர்களின் பங்கு, அலை உடையும் கரையில் மூட்டை சுமந்தவர்களின் பங்கு. எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாததால் அது இல்லாமல் போய்விடாது.

சுற்றுலாக் கையேடுகள் எந்தக் கட்டடத்தையும் மூன்று செய்திகளால் அறிமுகம் செய்கின்றன: எந்த ஆண்டு, எந்த அரசர், எந்தக் கலைஞர். நான்காவதாக ஒன்றைக் கேட்டுப் பழக வேண்டும் என்பது என் எண்ணம். பணம் எங்கிருந்து வந்தது? கோபன்ஹேகனைப் போல இந்தக் கேள்விக்குப் பளிச்சென்று பதில் சொல்லும் நகரங்கள் குறைவு. காரணம், இது துறைமுக நகரம். அதன் அழகெல்லாம் நீரை ஒட்டியே இருக்கிறது. நீரின் மறுமுனையில் என்ன இருந்தது என்று கேட்டால் போதும்.

*

இந்த நகரத்தின் முகத்தை வரைந்தவர் என்று நான்காம் கிறிஸ்டியனைத்தான் சொல்ல வேண்டும். 1588 முதல் 1648 வரை அரியணையில் இருந்தவர். ரோசன்போர்க் அரண்மனை அவர் கட்டியது. வட்டக் கோபுரம் அவர் கட்டியது, 1642-இல் முடிந்தது. கோபுரத்தின் உட்புறத்தில் படிகளுக்குப் பதிலாகச் சாய்தளம் ஒன்று சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. உச்சியில் வானாய்வகமும் இடையில் பல்கலைக்கழக நூலகமும் இருந்தன. கனமான கருவிகளும் நூல்களும் மேலே போக வேண்டுமே. 1716-இல் ரஷ்யாவின் மகா பீட்டர் அந்தச் சாய்தளத்தில் குதிரையிலேயே ஏறிப் போனாராம். கால்வாய்கள் ஓடும் கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன் பகுதியும் கிறிஸ்டியன் வகுத்ததே. பெயரிலேயே அவர் இருக்கிறார்.

அவர் தொடங்கிய இன்னொன்று கிழக்கிந்தியக் கம்பெனி. 1616-இல் சாசனம் கொடுத்தார். ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கண்ட லாபத்தைத் தன் நாடும் காண வேண்டும் என்பது ஆசை. 1618-இல் ஓவ் கெட்டெ என்ற இளம் பிரபுவின் தலைமையில் கப்பல்கள் கிளம்பின. இலக்கு தரங்கம்பாடியே அல்ல, இலங்கை. போர்த்துகீசியரை எதிர்க்கக் கண்டி அரசருக்குத் துணை தேவை என்ற நம்பிக்கையில் போனார்கள். வழியெல்லாம் நோயும் சாவும். 1620-இல் இலங்கையை அடைந்தபோது எதிர்பார்த்த உடன்பாடு கைகூடவில்லை. இதற்கிடையே முன்னதாக வந்திருந்த கப்பல் ஒன்று காரைக்கால் கடலில் போர்த்துகீசியரால் அழிக்கப்பட்டு, அதில் பிழைத்த ரோலண்ட் கிராப்பே தஞ்சாவூர் அரண்மனையை அடைந்திருந்தார். அந்தத் தொடர்பில் 1620 நவம்பரில் ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் அரசருக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது.

அதே ஆண்டுகளில் கோபன்ஹேகனில் எழுந்த கட்டடம்தான் போர்சன் என்ற பழைய வணிக மாளிகை. நீண்ட, தாழ்ந்த செங்கல் கட்டடம். வரிசையாக முகப்பு மாடங்கள். நடுவே நான்கு டிராகன்களின் வால்கள் ஒன்றோடொன்று முறுக்கி மேலெழுந்து கூம்பாகும் கோபுரம். கட்டிய நாளில் அதன் மூன்று பக்கமும் தண்ணீர். கப்பல் சரக்கு நேராகக் கரையேறிக் கடைகளுக்குள் போகும். தரங்கம்பாடிப் பயணமும் இந்த மாளிகையும் ஒரே கனவின் இரண்டு முனைகள். ஒரு முனையில் கிழக்கின் சரக்கைக் கொள்ள ஒரு கோட்டை. மறுமுனையில் அதை விற்க ஒரு மாடம். நம் கரையில் நிற்கும் கோட்டையைப் பார்த்தவர்கள் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். அதன் மறுபாதி போர்சன்.

கனவு சீக்கிரமே தடுமாறியது. ஐரோப்பியப் போர்களில் டென்மார்க் நொடித்துப்போனது. 1640-க்குப் பிறகு ஏறத்தாழ 30 ஆண்டுகள் தரங்கம்பாடிக்குத் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூடக் கிளம்பவில்லை. கோட்டையில் இருந்த டேனியர் ஒவ்வொருவராக மடிந்து, கடைசியில் மிஞ்சியவர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கெ என்ற எளிய மனிதர். உள்ளூர் மக்களை வைத்துக்கொண்டு அவர் கோட்டையைக் காத்தார். 1669-இல் கப்பல் வந்தபோது கொடி இறங்காமல் இருந்தது. டேனிஷ் வரலாற்றில் இது கோங்ஸ்பக்கெயின் விசுவாசத்தைச் சொல்லும் கதை. அந்த ஆண்டுகளில் அவரோடு நின்று கோட்டைச் சுவரைக் காத்தவர்கள் யார், அவர்களுக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதே கதை நம் கதையாகவும் ஆகும்.

2024 ஏப்ரல் 16 அன்று போர்சன் தீப்பிடித்தது. புதுப்பிக்கும் பணிக்காகச் சாரம் கட்டியிருந்த வேளை. உலகமே திரையில் பார்த்துக்கொண்டிருக்க, டிராகன் வால் கோபுரம் எரிந்து சாய்ந்தது. வேலை செய்துகொண்டிருந்தவர்களும் அலுவலர்களும் தெருவில் போனவர்களுமாக உள்ளே ஓடி, நானூறு ஆண்டு ஓவியங்களையும் நாற்காலிகளையும் தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்தார்கள். பெருஞ்சட்டமிட்ட ஓவியம் ஒன்றைப் பலர் சேர்ந்து தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்த காட்சி என்னை உலுக்கியது. தங்களுடையது என்று உள்ளத்தில் உணர்ந்தால் மட்டுமே மனிதர்கள் அப்படி ஓடுவார்கள். எரிந்த கட்டடத்தைத் திரும்பக் கட்டுகிறார்கள், கட்டத்தான் வேண்டும். அந்த மாளிகையில் நமக்கும் ஓர் ஒட்டு உண்டு என்பதால் அதன் தீ எனக்கும் இழப்பாகத்தான் இருந்தது.

*

நீஹவ்ன் கால்வாயின் படம் இல்லாத சுற்றுலா விளம்பரம் கிடையாது. மஞ்சள், சிவப்பு, நீலம் என்று வண்ணம் பூசிய வீடுகள், முன்னே பழைய பாய்மரக் கப்பல்கள். கடற்கன்னிக் கதையை எழுதிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் இந்தக் கரையில் மூன்று வீடுகளில் குடியிருந்தார். கால்வாயை 1670-களில் வெட்டியவர்கள் ஸ்வீடனோடு நடந்த போரில் பிடிபட்ட கைதிகள். அதைத் தெரிந்துகொண்டவர் கரையில் உட்கார்ந்து பீர் குடிப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது, அவ்வளவுதான்.

நீரைக் கடந்து கிறிஸ்டியன்ஸ்ஹவ்னுக்குப் போனால் ஸ்ட்ராண்ட்கேட என்ற கரையோரத் தெரு. பயணிகளின் கூட்டம் பெரும்பாலும் இங்கே நிற்காமல், வெளிப்புறப் படிகள் சுற்றியேறும் மீட்பர் தேவாலயக் கோபுரத்தை நோக்கிப் போய்விடும். அந்தக் கோபுரம் 1752-இல் முடிந்தது, 90 மீட்டர் உயரம், பார்க்கத் தகுந்ததுதான். ஆனால் நின்று பார்க்க வேண்டியது இந்தத் தெருவில் இருக்கிறது: ஆசியக் கம்பெனியின் தலைமையகமும் அதையடுத்த கிடங்கும். 1732-இல் புதிய சாசனத்தோடு எழுந்த கம்பெனி அந்தப் பத்தாண்டின் இறுதியில் தலைமையகத்தைக் கட்டிக்கொண்டது. கிடங்கை 1750-இல் வடிவமைத்தவர் நிகொலாய் எய்க்வெட். அமாலியன்போர்க்கின் நான்கு மாளிகைகளையும் வகுத்த அதே கட்டடக் கலைஞர். அரசர் வாழும் சதுக்கமும் துணிப்பொதி அடுக்கிய கிடங்கும் ஒரே மேசையில் வரைந்தவை.

அருகே போய்ப் பார்த்தால் கிடங்கு பேசும். தடித்த சுவர்கள், ஒளியை அளந்து உள்ளே விடும் சன்னல்கள். வீடாக இருந்தால் காற்று வேண்டும். இங்கே காத்தது மனிதரை அல்ல, சரக்கை. ஈரம் ஏறினால் துணி பூத்துப்போகும், தேயிலை மணம் இழக்கும். ஆறு ஏழு மாதக் கடற்பயணத்தில் பிழைத்து வந்த பொதி கரையில் கெட்டுவிடக் கூடாது என்ற கவலை அந்தச் சுவர்களின் தடிமனில் இருக்கிறது. இப்போது அந்த வளாகத்தில் டென்மார்க்கின் வெளியுறவு அமைச்சகம் இயங்குகிறது. முகவரியில் இன்னமும் ஆசியா இருக்கிறது: ஆசியச் சதுக்கம்.

அந்தப் பொதி கிளம்பிய இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தரங்கம்பாடியில் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். உடையும் அலைகளைத் தாண்டி அதை அடைய ஆணி அடிக்காத, பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகு வேண்டும். அலை மோதினால் பலகை நெளிந்துகொடுக்கும், உடையாது. கயிறு அறுந்தால் சரக்கு கடலில், ஆளும் கடலில். அதற்கும் முன்னால் தறி. அன்றைய சோழமண்டலக் கரையில் எல்லாக் கம்பெனிகளும் செய்ததுபோல், வணிகர் மூலம் நெசவாளருக்கு முன்பணம் கொடுத்து, குறித்த அளவில் குறித்த தரத்தில் துணியை வாங்குவார்கள். மழை பொய்த்து நெல் விலை ஏறினாலும் துணியின் விலை ஏறாது. பஞ்ச காலத்தில் கரையோரத்தில் மனிதர்களே விலைபோன ஆவணங்களும் உண்டு. இங்கே நெய்த துணியில் ஒரு பகுதி கோபன்ஹேகன் வழியாக மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், அங்கே அடிமைகளாக மனிதர்களை வாங்கும் விலையாகவும் ஆனது. இந்தியத் துணி இல்லாமல் அந்தக் கொடிய வணிகம் அந்த அளவுக்கு நடந்திருக்காது. நெய்தவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்குத் தெரிய வேண்டும்.

*

கம்பெனி செழித்தது பெரும்பாலும் மற்றவர்களின் போரால். பிரிட்டனும் பிரான்சும் மோதிக்கொண்ட காலங்களில் டென்மார்க் நடுநிலைக் கொடியைப் பறக்கவிட்டு எல்லாருடைய சரக்கையும் ஏற்றியது. பதினெட்டாம் நூற்றாண்டில் கோபன்ஹேகன் பெற்ற அழகிய வீடுகளில் பலவும் அந்த நடுநிலையின் வருமானம். 1777-இல் தரங்கம்பாடியின் நிர்வாகத்தை அரசே கம்பெனியிடமிருந்து எடுத்துக்கொண்டது. நடுநிலை உடைந்தபோது அடி இரண்டு இடத்திலும் விழுந்தது. 1807-இல் ஆங்கிலேயக் கடற்படை கோபன்ஹேகன்மீது குண்டு மழை பொழிந்தது. நகரத்தின் பெருந்தேவாலயக் கோபுரம் எரிந்து வீழ்ந்தது. மறு ஆண்டு தரங்கம்பாடி ஆங்கிலேயர் கைக்குப் போய், 1815 வரை அங்கேயே இருந்தது. வணிகம் அதன் பிறகு தலைதூக்கவில்லை.

1845-இல் டென்மார்க் தன் இந்தியக் குடியேற்றங்களை, தரங்கம்பாடியும் வங்காளத்து ஸ்ரீராம்பூரும் சேர்த்து, 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விற்றது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான், 1843-இல், கோபன்ஹேகனில் டிவோலி பூங்கா திறந்தது. விளக்குகளும் இசையும் ஊஞ்சல்களுமாக இன்றும் கூட்டம் குறையாத இடம். அங்கே 1874-இல் எழுந்த ஊமைக்கூத்து அரங்கம் சீன பாணியில் அமைந்தது. அதன் திரை விரித்த மயில் தோகை. அருகே சீனக் கோபுரம், மூரியக் கும்மட்டங்கள். கிழக்கு உண்மையாகவே கையில் இருந்தபோது அது கணக்குப் புத்தகத்தில் இருந்தது. கையை விட்டுப் போகும் காலத்தில் அது அலங்காரமாகத் தோட்டத்துக்குள் வந்தது. மயில் தோகை அழகாகத்தான் இருக்கிறது. அது எந்த ஊர் மயில் என்பதற்கு அங்கே இடமில்லை.

கடற்கன்னிச் சிலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபன்ஹேகனைப் பற்றிச் சொன்னதாக யாரும் ஒப்ப மாட்டார்கள். எட்வர்ட் எரிக்சன் செய்தது, 1913-இல் வைத்தது, 1.25 மீட்டர் உயரம். பணம் கொடுத்தவர் பீர் ஆலை முதலாளி கார்ல் ஜேக்கப்சன். 1964-இல் தலையை அறுத்தார்கள், 1984-இல் கையை, 1998-இல் மறுபடியும் தலையை. ஒவ்வொரு முறையும் நகரம் அவளைச் சரிசெய்து அதே பாறையில் உட்காரவைத்தது. அந்தச் சிறிய உருவத்தின்மீது அவ்வளவு கோபமும் அவ்வளவு பாசமும் குவிவதற்குக் காரணம், அந்த நகரத்தைக் குறிக்க அவளையே எல்லாரும் எடுத்துக்கொண்டதுதான்.

ஆனால் அமாலியன்போர்க்கிலிருந்து கடற்கன்னியை நோக்கி நடக்கும் கரையோரப் பாதையில், மேற்கிந்தியக் கிடங்குக்கு முன்னால், 2018-இல் ஒரு பெரும் பெண்ணுருவம் வந்து அமர்ந்தது. சுமார் ஏழு மீட்டர் உயரம். மயில்தோகை முதுகு கொண்ட நாற்காலி; ஒரு கையில் தீப்பந்தம், மறு கையில் கரும்பு வெட்டும் கத்தி. டேனிஷ் மேற்கிந்தியத் தீவான செயின்ட் குரோயில் 1878-இல் நடந்த கூலித் தொழிலாளர் எழுச்சியை நடத்திய பெண்களில் ஒருவரான மேரி தாமஸை நினைத்து, லா வான் பெல், ஜெனட் எலர்ஸ் என்ற இரண்டு கலைஞர்கள் செய்த சிலை. பீடத்தில் அந்தத் தீவிலிருந்து கொண்டுவந்த பவளக்கற்கள். அடிமைகள் கடலிலிருந்து வெட்டியெடுத்தவை. அவளுக்குப் பின்னால் நிற்கும் கிடங்கில் ஒரு காலத்தில் அடுக்கியிருந்தது அவள் நாட்டுச் சர்க்கரை. 2020-இன் இறுதியில் புயல் அந்தச் சிலையைச் சிதைத்தது. ஆனாலும் அது கேட்ட கேள்வி நகரத்தில் நின்றுவிட்டது. சர்க்கரையின் கதையை அந்தத் தீவைச் சேர்ந்தவரே அந்தக் கரையில் வந்து சொன்னார் என்பதுதான் முக்கியம்.

துணியின் கதையை அப்படி யாரும் இன்னும் அந்தக் கரையில் சிலையாக நிறுத்தியதாகத் தெரியவில்லை.

*

டேனியரைக் குற்றம் சாட்டுவதற்காக இதை எழுதவில்லை. மறைத்தவர்கள் என்றும் அவர்களைச் சொல்ல முடியாது. நேர்மாறாக, அவர்கள் எழுதி வைத்தவர்கள், எழுதியதைக் காத்தவர்கள். டேனிஷ் வணிகக் கம்பெனிகளின் ஆவணங்கள் 1997-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்கு அனுப்பிய, பொன் தகட்டில் பொறித்த மடல் அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தஞ்சை அரண்மனையிலிருந்து கிளம்பிய ஒரு பொருள், நானூறு ஆண்டுகளாக நெருப்புக்கும் போருக்கும் தப்பி இருக்கிறதென்றால் அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். டேனிஷ் தேசிய அருங்காட்சியகம் 2004 முதல் தரங்கம்பாடியில் ஆய்வும் புனரமைப்பும் செய்தது. இடிந்துகிடந்த ஆளுநர் மாளிகை எழுந்து நிற்பதில் அவர்களுக்குப் பங்குண்டு.

வந்தவை எல்லாம் துணி வாங்க வந்த கப்பல்களும் அல்ல. அரசர் நான்காம் ஃபிரெடெரிக் அனுப்பிய சமயப் பணியாளர் சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அவர் தமிழ் கற்றதும், அச்சகம் கொண்டுவந்ததும், 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சானதும் நாம் அறிந்தவை. அந்தச் சமயப் பணியை மேற்பார்க்க 1714-இல் கோபன்ஹேகனில் தனிக் குழுவே அமைந்தது. அதே ஆண்டில் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது மலையப்பன் என்ற தமிழர் உடன் போனார். சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணத்துக்குத் துணை நின்றவர் அவர். அந்த நூலின் முகப்பில் ஒரு பெயர்தான் இருக்கிறது.

ஆகவே எனக்குக் கோபம் என்று இருந்தால் அது நம்மீதுதான் திரும்பும். மேற்கிந்தியத் தீவுகளை அமெரிக்காவுக்கு விற்ற நூற்றாண்டு நிறைவான 2017-இல், அந்தத் தீவுகளின் ஆவணங்களில் ஐம்பது லட்சம் பக்கங்களை டேனிஷ் ஆவணக் காப்பகம் இணையத்தில் திறந்துவிட்டது. தீவின் மக்கள் தங்கள் மூதாதையரின் பெயர்களை அதில் தேடுகிறார்கள். தரங்கம்பாடியின் ஆவணக் கட்டுகளிலும் நம்மவர் பெயர்கள் இருக்கின்றன: முறையிட்டவர்கள், கடன்பட்டவர்கள், நிலத்துக்கு வழக்காடியவர்கள், வரி கட்ட மறுத்தவர்கள். அவற்றில் தமிழிலேயே எழுதிய மடல்களும் உண்டு. டென்மார்க்கில் வாழும் இயற்பியலாளர் பி. எஸ். ராமானுஜம் பல ஆண்டுகள் அந்தக் கட்டுகளுக்குள் உட்கார்ந்து, கேட்கப்படாத அந்தக் குரல்களை நூலாக்கியிருக்கிறார். அறிவியல் துறையில் பணியாற்றிய ஒருவர் தன் ஆர்வத்தால் செய்த வேலை அது. நம் பல்கலைக்கழகங்கள் ஒரு திட்டமாக எடுத்துச் செய்திருக்க வேண்டியது.

செய்வதற்குத் தடை தூரம் அல்ல, படிப்பு. பழைய டேனிஷ் எழுத்து வடிவத்தைப் படிக்கத் தெரிந்து, பதினேழாம் நூற்றாண்டுத் தமிழ்க் கையெழுத்தையும் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். அப்படிப் பத்துப் பேரை உருவாக்கினால் போதும். காவிரிக் கழிமுகத்தின் இருநூற்று இருபத்தைந்து ஆண்டுச் சமூக வரலாறு வேறு விதமாக எழுதப்படும். தமிழ் தெரிந்த இளையவர்கள் டென்மார்க்கிலும் நார்வேயிலும் பள்ளிப் படிப்பிலேயே அந்நாட்டு மொழிகளைக் கற்று வளர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள். இரண்டு மொழியும் வீட்டிலேயே கிடைத்தவர்கள். இந்த வேலைக்கு இவர்களைவிடத் தகுந்தவர்கள் யார்?

கடைசியாக அமாலியன்போர்க் சதுக்கத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். குதிரைக்குப் பின்னால் நின்று பார்த்தால் ஒரு நேர்கோடு தெரியும். ஒரு முனையில் பளிங்குத் தேவாலயம்; 1749-இல் ஐந்தாம் ஃபிரெடெரிக் அடிக்கல் நாட்டி, பணம் தீர்ந்து நின்று, 1894-இல் முடிந்தது. நடுவில் ஆசியக் கம்பெனியின் சிலை. மறுமுனையில், நீருக்கு அப்பால், 2005-இல் திறந்த ஓபரா மாளிகை. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கின் நிறுவனர் குடும்பத்து அறக்கட்டளை நாட்டுக்குக் கொடுத்த கொடை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் இந்த நகரத்தின் அழகுக்குப் பணம் கப்பல் வழியேதான் வருகிறது. எந்தச் சரக்கு, யாருடைய உழைப்பு, எந்தக் கரை என்ற கேள்வி ஐந்தாம் ஃபிரெடெரிக்கோடு முடிந்துவிடவில்லை. இன்றைக்குத் திருப்பூரிலிருந்து பெட்டகத்தில் ஏறும் துணிக்கும் அதே கேள்வி பொருந்தும்.

அழகிய இடங்களைப் பார்ப்பதில் குற்ற உணர்வு தேவையில்லை. சாலியின் குதிரை உலகின் சிறந்த குதிரைச் சிலைகளில் ஒன்று. அதை வியக்கத்தான் வேண்டும். வியப்போடு கணக்கும் கேட்க வேண்டும் என்பதே நான் சொல்வது. பணத்தின் வழியைத் தேடிப் போனால் வெறுப்பு வளரும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. எனக்கு நேர்ந்தது வேறு. தேடிப் போகப் போக அந்நிய நகரமாக இருந்தது உறவுள்ள நகரமாக ஆனது. அதன் தீயில் எனக்கும் நோவு, அதன் ஆவணக் காப்பகத்தில் எனக்கும் உரிமை. கோபன்ஹேகனுக்குப் போகும் தமிழர்கள் கடற்கன்னிக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை ஆசியச் சதுக்கத்துக்கு ஒதுக்கட்டும். அங்கே படிக்கப் போகும் மாணவர்களில் சிலராவது காப்பகத்துக்குள் நுழைந்து ஒரு கட்டைப் பிரிக்கட்டும். அந்தச் சின்னங்களுக்கு விலை கொடுத்தவர்களின் பட்டியலில் நம் பெயர்களை எழுதும் வேலையை வேறு யாரும் நமக்காகச் செய்யப்போவதில்லை.